ஐடிலிங்கில் அணையும் குட்டி யானை

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு, ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். கிதிர்பூர் டாக்குக்குள் கப்பல் நுழைய வேண்டுமானால் சாலையை இணைக்கும் பாஸ்கியூல் பாலத்தை மேலே தூக்குவார்கள். இரண்டு பக்கமும் லாரி, பஸ், ரிக்‌ஷா எல்லாம் வரிசையில் நிற்கும். பாலம் இறங்கினாலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வழிவிட வேண்டும். மெட்டியாபுருஜ் தையற்கூடங்களிலிருந்து ரெடிமேட் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சின்ன வண்டியும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கும், எஞ்சின் ஓடியபடி. பழைய வண்டியின் வியாதிகள் வெளியே வருவது இந்த நேரத்தில்தான். ஸ்டியரிங் நடுங்கும், கியர் குச்சி ஆடும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். வரிசை நகரத் தொடங்கும் நொடியில் எஞ்சின் ஆஃப் ஆகும். பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சின்ன வண்டி பெரும்பாலும் டாடா ஏஸ். நமக்குக் குட்டி யானை, அந்த ஊரில் சோட்டா ஹாத்தி. 2005ஆம் ஆண்டு மே மாதம் சந்தைக்கு வந்தது. இதன் முதல் டீசல் எஞ்சின் பிறந்த விதம் சுவையானது. இண்டிகா காரில் இருந்த 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சரிபாதியாக்கினார்கள். 75 மில்லிமீட்டர் விட்டம், 79.5 மில்லிமீட்டர் வீச்சு, இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்காமல் மெக்கானிக்கல் பம்ப்பாலேயே டீசலை அளந்து அனுப்பும் பழைய முறை. ஓர் எஞ்சின் ஏன் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, தள்ளாடுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்கு சிலிண்டரில் ஒன்று படுத்தால் கால்வாசி பலம் போகிறது. இதில் ஒன்று படுத்தால் பாதி எஞ்சினே இல்லை.

ஐடிலிங் என்றால் எஞ்சினுக்கு ஓய்வு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதுதான் அதற்குக் கடினமான வேலை. சக்கரத்துக்கு எதுவும் போகாது. எரிகிற டீசல் முழுவதும் பிஸ்டன், பேரிங் உராய்வை வெல்வதற்கும், காற்றை அழுத்துவதற்கும், ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுவதற்கும் செலவாகிறது. வரவும் செலவும் சரிக்குச் சரி, கையிருப்பு கிடையாது.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், நான்கு வீச்சு என்பதால் நொடிக்கு 15 வெடிப்பு. இந்த அளவு எஞ்சின் சும்மா நிற்கும்போது மணிக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். 350 மில்லி என்று கொண்டு வகுத்தால், ஒரு வெடிப்புக்கு 6 அல்லது 7 கன மில்லிமீட்டர் டீசல். ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்கு. முழுச் சுமையில் மேடேறும்போது இதைப்போல் மூன்று மடங்கு போகும். டீசலைப் பீய்ச்சும் நாசிலில் ஏற்படும் ஒன்றரை கன மில்லிமீட்டர் குளறுபடி அப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. ஐடிலிங்கில் அதே குளறுபடி கால்வாசி. வண்டி ஆடும். ‘ஓடும்போது சூப்பரா இருக்கு, நின்னாத்தான் பிரச்சினை’ என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஓடும்போதும் அந்தக் குறை உள்ளேதான் இருக்கிறது.

கார் மெக்கானிக்குகள் அதிகம் பேசாத ஆசாமி ஒருவர் இந்தக் கணக்கை நொடிக்கு நொடி சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்: பம்ப்புக்குள் இருக்கும் கவர்னர். சுழலும் எடைகள், அவற்றை எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்து டீசலைக் கூட்டும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னரின் அதே தத்துவம்தான் இது. கார்டன் ரீச்சுக்கு இது அந்நியமானதே இல்லை. இன்று போர்க்கப்பல் கட்டும் கார்டன் ரீச் ஷிப்பில்டர்ஸ் நிறுவனம், 1884இல் நதிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறையாகத்தான் தொடங்கியது. 1960இல் அரசு அதை வாங்கியது. அடுத்த ஆண்டே, சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ஐஎன்எஸ் அஜய் அங்கிருந்து வெளிவந்தது. அலையில் கப்பலின் பின்புறம் தூக்கி, புரொபெல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் எஞ்சின் தறிகெட்டுச் சுழலும். அதைப் பிடித்து நிறுத்த கவர்னர் இல்லாமல் முடியாது.

கவர்னருக்கே பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும் என்று கணிதத்தில் விளக்கியவர், மின்காந்த சமன்பாடுகளுக்காக நாம் அறிந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1868இல் அவர் கவர்னர்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் தொடக்கம் என்பார்கள். வேகம் குறைந்தது என்று கவர்னருக்குத் தெரிந்து, அது டீசலைக் கூட்டி, அந்த டீசல் எரிந்து வேகம் ஏறுவதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகிறது. அந்தத் தாமதத்துக்குள் கவர்னர் தேவைக்கு மேல் கொடுத்துவிடும். பிறகு தேவைக்கு மேல் பிடுங்கும். வேகம் ஊசலாடிக்கொண்டே இருக்கும். குட்டி யானை நின்ற இடத்தில் ‘உர்ர்… உர்ர்…’ என்று ஏறி இறங்கி முனகுகிறதே, அது மேக்ஸ்வெல்லின் சமன்பாட்டுக்குச் சத்தம் வந்த கதை.

சுழலும் எடையின் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 3200 சுற்றில் அந்த எடைகள் தள்ளும் விசையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட 900 சுற்றில் இருக்காது. பம்ப்பின் உள்ளே லிங்கேஜில் கொஞ்சம் பிசுக்கு, பின் ஒன்றில் கொஞ்சம் தேய்மானம் என்றால், அதிக வேகத்தில் எடைகள் அதை உதைத்துத் தள்ளிவிடும். ஐடிலிங்கில் உதைக்க பலம் இருக்காது. கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு சட்டென்று விடுபடும். கவர்னருக்கு எப்போது அதிகம் வேலை இருக்கிறதோ அப்போதுதான் அது மிக பலவீனமாக இருக்கிறது.

ஆனால் ஊசலாடுகிற எஞ்சின் எல்லாம் அணைந்துவிடுவதில்லை. அணைவதற்கு எதிர்த்திசையில் ஒரு விஷச் சுழல் வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 22இல் ஒரு பங்காக அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நல்ல நிலையில் அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தொடும். 900 சுற்றில் ஓர் அழுத்த வீச்சுக்கு 33 மில்லிசெகண்ட் ஆகிறது, 3200 சுற்றில் 9தான். தேய்ந்த ரிங் வழியே காற்று கசிவதற்கும், சூடு சிலிண்டர் சுவருக்கு ஓடுவதற்கும் ஐடிலிங்கில் மூன்றரை மடங்கு அவகாசம். ஒரு வெடிப்பு சோகையானால் வேகம் விழும். வேகம் விழுந்தால் கசிவுக்கு இன்னும் நேரம், அடுத்த வெடிப்பு இன்னும் சோகை. கவர்னர் தூக்கிவிடப் பார்க்கும், இந்தச் சுழல் கீழே இழுக்கும். ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான் என்பதால், பாதி வேகத்தில் கால்வாசி ஆற்றலே மிச்சம். கிளட்ச்சை விட்டு வண்டியை நகர்த்தும் நொடியில் அதையும் செலவழிக்கிறோம். அந்த நொடியில்தான் அணைகிறது.

ஏஸ் எஞ்சின் வகையில் இன்னொரு பலவீனமும் உண்டு. டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதில்லை, தலைப்பகுதியில் உள்ள சிறு சுழல் அறையில் பாய்கிறது. ஹாரி ரிக்கார்டோ 1930களின் தொடக்கத்தில் பரப்பிய அமைப்பு இது. மென்மையாக எரியும், சத்தம் குறைவு. ஆனால் அறையின் சுவர்ப்பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போய்விடும். அதனால்தான் அறையைச் சூடாக்கும் குளோ பிளக் தேவைப்படுகிறது. ஜனவரியில் கொல்கத்தாவின் விடியற்காலை 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது, இரண்டு குளோ பிளக்கில் ஒன்று போயிருந்தால், வண்டி ஒற்றைக் காலில் எழுந்து வெள்ளைப் புகை விட்டு நடுங்கும். சில நிமிடத்தில் சரியாகிவிடும். சூடேறியதும் சரியாகிற நடுக்கத்துக்கும், சூடேறிய பிறகு வருகிற நடுக்கத்துக்கும் காரணம் வேறு வேறு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடுகிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவது நல்லது.

அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: எப்படி அணைந்தது? ‘ஆடி ஆடி ஆஃப் ஆச்சா, பொசுக்குன்னு போச்சா?’ சுவிட்சை அணைத்ததுபோல் பொசுக்கென்று போனால் எஞ்சினைத் திறப்பது வீண் வேலை. இத்தகைய பம்ப்புகள் பலவற்றில் மின்சாரம் இருந்தால் மட்டுமே டீசலை விடும் ஸ்டாப் சாலனாய்டு ஒன்று இருக்கும். அதன் வயர் முனை தளர்ந்திருக்கும், அல்லது உப்புப் பூத்திருக்கும். ஐடிலிங் அதிர்வில் ஒரு கணம் தொடர்பு விட்டால் போதும். அடுத்தது, மெல்ல மெல்ல மூச்சு வாங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறாமல் சாகிற வகை. அது டீசல் பட்டினி. மூன்றாவது, ‘டக்… டக்…’ என்று ஒரே தாளத்தில் நொண்டிக்கொண்டே இருந்து, சுமை வந்ததும் சாகிற வகை. அது ஒரு சிலிண்டரின் நோய்.

பட்டினியில் முதல் சந்தேகம் காற்று. ‘ஏர் எடுக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். டீசலைப் பிழிந்தால் கிட்டத்தட்ட சுருங்காது, காற்று நன்றாகச் சுருங்கும். நாசில் திறக்க 120 முதல் 150 பார் அழுத்தம் வேண்டும். லைனில் கடுகு அளவு காற்றுக் குமிழ் இருந்தால், அதன் கன அளவு கிட்டத்தட்ட ஓர் ஐடிலிங் பீய்ச்சலுக்குச் சமம். பம்ப் தள்ளும் தள்ளெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாசில் திறக்காது. அந்த வெடிப்பு கிடையாது.

இங்கே பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது, அந்தப் பகுதியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இல்லையே, லீக் எங்கே இருக்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. வெடித்த ரப்பர் ஹோஸ், கெட்டியாகிப்போன கை பிரைமரின் ரப்பர், பாஞ்சோ போல்ட்டில் இரண்டாம் முறை போட்ட பழைய செம்பு வாஷர், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். கண்டுபிடிக்க அரை அடி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் போதும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் அதைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். தெரிந்த பிறகு டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போக வேண்டும்.

குமிழே இல்லை, ஆனால் இருபது நிமிடம் ஓடி அணைகிறது, பத்து நிமிடம் விட்டால் திரும்பக் கிளம்புகிறது என்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று வராததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப்போடு இழுபறி நடந்திருக்கிறது. செலவு ஒரு ஊசி. இதற்காக பம்ப்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

அடுத்த சந்தேகம் தண்ணீர். ஹூக்ளி நதிக் கரையின் ஈரக் காற்று பாதி காலியான டேங்குக்குள் இரவில் புகுந்து தண்ணீராகிறது, அதனால் டேங்கை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும் என்று ஒரு பாடம் எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 லிட்டர் டேங்கில் 15 லிட்டர் காலியிடம். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 3 சதவீதம் சுருங்கும், அரை லிட்டர் புதுக்காற்று உள்ளே வரும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று, முழு ஈரத்தோடு இருந்தாலும், 30 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும். அரை லிட்டரில் 0.015 கிராம். ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் அவ்வளவும் படிந்தால். நூறு இரவு சேர்ந்தாலும் ஒன்றரை கிராம். தினமும் டீசல் போட்டு ஓடுகிற சரக்கு வண்டி இதனால் நின்றுபோகாது. இந்த விளக்கம் ஏன் இவ்வளவு செல்வாக்கோடு இருக்கிறது என்றால், யார் மேலும் பழி விழாத விளக்கம் அது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

டேங்கில் நிஜமாகத் தண்ணீர் இருந்தால் அது மொத்தமாக வந்திருக்கிறது. மூடியின் வாஷர் போய், மழையில் இறங்கியிருக்கும். கேனில் வாங்கிய டீசலோடு வந்திருக்கும். அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கும். கார்டன் ரீச்சில் கடைசிக் காரணத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். நதியில் கடலேற்றம் இருக்கும்போது வடிகால் மதகை மூடியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் மழையும் கொட்டினால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2025 செப்டம்பர் 23 அன்று விடியுமுன் கொல்கத்தாவில் கொட்டித் தீர்த்தது 250 மில்லிமீட்டருக்கும் மேல். அப்படிப்பட்ட நாளுக்குப் பிறகு தள்ளாடும் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது, ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பது. தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கித் தனிக் கோடாகத் தெரியும். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கரும்பச்சையாகச் சளிபோல் ஏதாவது மிதந்தால், அது உயிருள்ளது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை, எண்ணெயைத் தின்று தண்ணீரில் வாழும். விமான எரிபொருள் டேங்குகளில் பெயர் வாங்கியது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் திரும்ப அடைக்கும், டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும்.

வெள்ளத்தில் அணைந்த வண்டியை அங்கேயே செல்ஃப் அடித்துப் பார்ப்பதுபோல் ஆபத்து வேறில்லை. இந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 17 கன சென்டிமீட்டர்தான். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று கூடுதலான தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போயிருந்தால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளையும்.

ஏர் ஃபில்டர் என்றதும் ஒன்று. ஐடிலிங் ஆடினால் முதலில் அதைத் தட்டித் துடைக்கும் பழக்கம் இருக்கிறது. டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் ஒரு பங்கு டீசலுக்கு அறுபது பங்குக்கு மேல் காற்றை இழுக்கிறது. எரிய வேண்டியது பதினைந்து பங்குகூட இல்லை. அடைத்த ஃபில்டர் மேடேறும்போது கரும்புகையாகத் தெரியும், நிற்கும்போது அதற்கு இதில் பங்கில்லை. பெட்ரோல் வண்டியில் கதையே வேறு. அதில் காற்றைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறோம். ஐடிலிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டின் உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வெடித்த ஒரு வாக்குவம் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தால் கலவை நீர்த்து எஞ்சின் தடுமாறும். திராட்டிலைத் திறந்ததும் அந்தக் கசிவு அற்பமாகி நடுக்கம் மறைந்துவிடும். அதே ஹூக்ளியின் மேல்கரையில், உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடரின் பழைய பெட்ரோல் வகைக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. மே மாத வெயிலில் ஃபியூவல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கும். ஓட்டுநர் ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். டீசலுக்கு அந்தத் துணி தேவைப்படாது.

இப்போது மூன்றாவது வகை, ஒரே தாளத்தில் நொண்டுவது. இரண்டு சிலிண்டரில் எது சோம்பேறி என்று கண்டுபிடிக்கக் கப்பல் எஞ்சினியரும் லாரி மெக்கானிக்கும் செய்வது ஒரே காரியம்தான்: ஒவ்வொன்றாக டீசலை நிறுத்திப் பார்ப்பது. எஞ்சின் ஓடும்போதே ஒரு நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் டீசல் அங்கேயே வழிந்துவிடும், அந்தச் சிலிண்டருக்குப் போகாது. எஞ்சின் சட்டென்று விழுந்து சாகப்போனால், நாம் நிறுத்தியது உழைக்கிற சிலிண்டரை. எதுவுமே மாறவில்லையென்றால் அது ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் இருந்தது. கண்ணாடியும் கையுறையும் போட்டு, நட்டின் மேல் துணி சுற்றிச் செய்ய வேண்டிய வேலை. பீய்ச்சும் நாசிலுக்கு முன்னால் விரலை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், உள்ளே விரல் அழுகும். அடுத்த தலைமுறை காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும் என்பதால், அவற்றில் இந்த நட்டைத் தொடவே கூடாது.

சோம்பேறி யார் என்று தெரிந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. இங்கேதான் இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஓர் அழகான பரிசோதனைக்கு இடம் தருகிறது. இரண்டு நாசிலையும் கழற்றி இடம் மாற்றிப் போட வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது, புது ஃபில்டரைக்கூட அன்றைக்குப் போடக் கூடாது. செம்பு வாஷர் மட்டும் புதிது. லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, மறுபடி நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். நொண்டல் நாசிலோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போயிருந்தால் குற்றவாளி நாசில். நொண்டல் இருந்த இடத்திலேயே இருந்தால் நாசில் நிரபராதி. கம்ப்ரஷன் குறைவு, அல்லது பம்ப்பில் அந்த லைனின் டெலிவரி வால்வு என்று இரண்டே சந்தேகம் மிஞ்சும். இரண்டு நாசிலையும் ஒரே நாளில் புதிதாக மாற்றி, ‘சரியாகிவிட்டது’ என்று பணம் வாங்குவது சுலபம். அப்படிச் செய்தால் எது கெட்டிருந்தது என்று யாருக்குமே தெரியாது, வாஷர் மாற்றியதாலேயே சரியாகியிருக்கவும் கூடும்.

கம்ப்ரஷனை குளோ பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து அளக்கலாம். எத்தனை பார் என்பதைவிட இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே பேசும். குறைந்திருந்தால் உடனே ரிங், லைனர் என்று பயப்பட வேண்டாம். முதலில் டேப்பெட் இடைவெளி. வால்வு தேயத் தேய அது சீட்டில் இறங்கி இடைவெளி சுருங்கும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமலே நிற்கும். ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரமும் போதும்.

மலிவான சோதனை முதலில் என்ற இந்த வரிசைக்குக் கொல்கத்தாவில் ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1993க்கு முன் பதிவான வணிக வாகனங்களை கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008 ஜூலையில் உத்தரவிட்டது. 2009 ஆகஸ்ட் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து, வண்டிக்கு ஆயுள் பதினைந்து வருஷம் என்ற கணக்கு வண்டிக்காரர்களின் மனதில் உட்கார்ந்துவிட்டது. 2012இல் பதிவான ஏஸுக்கு அந்தக் கணக்கில் 2027தான் எல்லை. இன்னும் கொஞ்ச காலமே ஓடப்போகிற வண்டிக்கு எஞ்சின் வேலை செய்ய எந்த உரிமையாளரும் மனம் வைக்க மாட்டார். ஊசியும் வாஷரும் டேப்பெட்டும்தான் அவருடைய வைத்தியம்.

அந்த வைத்தியத்திலும் மலிவான ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லோரும் முதலில் செய்வது: ஐடில் ஸ்குருவைத் திருகி ஸ்லோ ஸ்பீடை 1200க்கு ஏற்றிவிடுவது. நடுக்கம் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று இப்போது சொல்லிவிடலாம். கவர்னரின் விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, கசிவுக்கு நேரம் குறைகிறது, ஃபிளைவீலின் கையிருப்பு கூடுகிறது. கசியும் வாஷர் கசிந்துகொண்டேதான் இருக்கும், நிற்கும் நேரத்தின் டீசல் செலவும் ஏறும். அடுத்த மெக்கானிக்குக் காட்டுவதற்கு அறிகுறியே மிஞ்சாது. ஏற்கெனவே யாராவது திருகியிருக்கிறார்களா என்று ஸ்குருவின் பெயிண்ட் முத்திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். திருகியிருந்தால், சோதனையைத் தொடங்கும் முன் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, குமிழ் இல்லை, தண்ணீர் இல்லை, இரண்டு சிலிண்டரும் சமமாக உழைக்கின்றன, அணையவும் இல்லை, ஆனால் கேபின் மட்டும் ஆடுகிறது என்றால், எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே ஆடும். அந்த ஆட்டத்தை விழுங்கத்தான் ரப்பர் இருக்கிறது. எண்ணெய் பட்டு ஊறி, உப்பி, ஒரு பக்கம் கிழிந்திருக்கும். டிரைவர் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கினால் மவுண்ட் போய்விட்டது.